மூணு காப்பி அண்ணன் திறந்த ஃபைல்

காஞ்சிபுரத்தில் இருக்கிற அத்தனை சாமிகளையும் நம்பியவர், ஒரு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் சாகும்வரை நம்பமாட்டேன் என்றவர், எனக்குத் தெரிந்து ஒருவர்தான். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் மூணு காப்பி அண்ணன். எந்த ஃபைலானாலும் மெஷினில் ஒன்று, வெளியே ஒன்று, வெளியூரில் ஒன்று என்று மூன்று காப்பி எடுக்கச் சொல்வார். புதிதாக வந்த டீக்கடைக்காரர் பெயரைத் தப்பாகப் புரிந்துகொண்டு தினமும் மூன்று டம்ளர் அனுப்ப, அண்ணனும் அசராமல் மூன்றையும் குடித்தார்.

தன் கல்யாணத்துக்கு இரண்டு போட்டோகிராபர்களை வைத்தாராம். இரண்டு பேரும் ஒரே வேனில் வரக்கூடாது என்று கண்டிஷன் வேறு.

அவருடைய வெளியூர்க் காப்பி, பக்கத்து ஏரிக்கரை ஊரான தாமலில், அக்கா வீட்டு பீரோவில் இருந்தது.

"ஏரி ஒடைஞ்சுதுன்னா என்னண்ணா பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காஞ்சிபுரம் காப்பி இருக்குதில்லம்மா!"

"ரெண்டு ஊரும் போச்சுன்னா?"

"அப்புறம் ஃபைலு கேக்கறதுக்கு ஆளு ஏதும்மா?"

நான் அப்போது ஒரு பட்டுப்புடவைக் கடையில் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெஷின் எழுந்திருக்கவில்லை. உள்ளே டிஸ்க் செத்துவிட்டது. தறியில் ஒரு கல்யாணப் புடவை, உடல் முழுக்க நெய்தாகிவிட்டது, முந்தி மட்டும் பாக்கி. அந்த முந்தி டிசைன் செத்த மெஷினுக்குள்.

"பேக்கப் இருக்குதாம்மா?" என்றார் முதலாளியம்மா.

"இருக்குதுக்கா." அவ்வளவு தெம்பாகச் சொன்னேன். வாராவாரம் மொத்த கம்ப்யூட்டரையும் ஒரே ஃபைலாக வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தேனே. ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை, அதுதான் விஷயம்.

வேறு கம்ப்யூட்டரில் போட்டேன். ஃபைல் கெட்டுவிட்டது என்றது. மறுபடி போட்டேன். மறுபடி அதையே சொன்னது. 'சரிசெய்யவா?' என்று கேட்ட பட்டனை அழுத்தப் போகிற நேரத்தில், ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்த அண்ணன் வாசலிலிருந்தே கத்தினார்.

"கைய எடு! ஒரிஜினல் மேல எவனாச்சும் வைத்தியம் பாப்பானா?"

முதலில் அந்த ஃபைலை இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுத்தார். பாதியில் நின்றது. கேபிளை மாற்றினார், முழுசாக வந்தது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டார், சரியாக இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை. முதலாளியம்மா முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"பேக்கப் எடுத்த சாஃப்ட்வேரு புதுசா பழசா?"

"புதுசுண்ணா. போன மாசந்தான் மாத்தினோம்."

"இந்த மெஷின்ல?"

பழசு. ஸ்கிரீனைத் தன் பக்கம் திருப்பி அண்ணனே பார்த்துக்கொண்டார்.

"புதுப் பூட்டுக்குப் பழைய சாவியப் போட்டுக்கினு, பூட்டு கெட்டுப்போச்சுன்னு அழுதுக்கினு இருக்கறியேம்மா!"

புது சாஃப்ட்வேரை ஏற்றினார். ஃபைல் திறந்தது. மயிலும் யாளியுமாக முந்தி முழுசாக வந்து நின்றது. முதலாளியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அண்ணன் சிரிக்கக்கூட இல்லை. சாப்பாட்டு நேரம் வரை ஒவ்வொரு டிசைனாகத் திறந்து பார்த்தார்.

"தொறந்து பாக்காத பேக்கப்பு பேக்கப்பே இல்லம்மா, வெறும் வேண்டுதல். அந்த டிஸ்க்க எங்க வெச்சிருந்த?"

"மெஷின் மேலயேண்ணா."

"ஒரு கூரை ஒழுகினா ரெண்டும் கைகோத்துக்கினு போயிடும். நாளைக்கே ஒண்ணு உங்க வீட்டுக்குப் போவணும்."

புடவை முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்தது.

அண்ணன் இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் போன் வரும். "தொறந்து பாத்தியாம்மா?" காலையிலேயே பார்த்து முடித்திருப்பேன். எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனாலும் "இன்னும் இல்லண்ணா" என்றுதான் சொல்வேன். அப்போதுதான் பத்து நிமிஷமாவது திட்டுவார்.