மூன்றாம் பாட்டில் என் ஒட்டடைக் கம்பு

அன்புள்ள மாடிவீட்டு மாப்பிள்ளைக்கு,

கீழ்வீட்டு மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் நலமென்பது காலடிச் சத்தத்திலேயே தெரிகிறது. நடுவில் பதினாறு படிதானே, கடிதம் எதற்கு என்பீர்கள். "அந்த ஊதலைத் தூக்கிப் போடுங்க" என்று நான் சொல்லப்போய், நாம் பேச்சை நிறுத்தி எட்டு மாதமாகிறதே, அதற்குத்தான்.

விஷயம் உங்கள் சாக்ஸபோன் ஆல்பம். சோல் ஜாஸ் என்கிற இசையோ என்னவோ, அது உங்கள் பாடு. அதை மாடி ஹாலில் பதிவு செய்த அன்று டிரம்ஸ்காரர் காய்ச்சலென்று வரவில்லையாம், எனக்கென்ன தெரியும், நூலகத்தில் முப்பத்தொரு வருஷம் "உஷ்" சொன்னவன், வழக்கம்போல ஒட்டடைக் கம்பால் சீலிங்கைத் தட்டினேன். நிறுத்துங்கள் என்று அர்த்தம். நீங்களும் உங்களோடு வாசிக்கும் ஆர்கன்காரரும் அதையே தாளமாக வைத்துக்கொண்டு மேலும் ஒரு மணி நேரம் வாசித்திருக்கிறீர்கள். போன வாரம் மகள் அந்த இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டாள். மூன்றாம் பாட்டில் டொக், டொக்டொக். உங்கள் மாமியார் தைத்துக்கொண்டிருந்த ஊசியை அப்படியே நிறுத்தி, "இது நம்ம வீட்டுக் கம்புல்ல?" என்றாள். உறையைத் திருப்பினால் "தாளம்: மாமா" என்று அச்சில் இருக்கிறது. மானம் போச்சு. முடிவெட்டப் போனால் கடைக்காரர் அதே பாட்டைப் போட்டு, தாடையெல்லாம் நுரையாக உட்கார்ந்திருந்த என்னை எல்லோருக்கும் காட்டுகிறார். சரி, தொலையட்டும் என்று நூலகத்துக்குப் போனேன். என் பழைய நாற்காலியில் இருக்கும் பெண், வாசிக்கிற இடத்தில், சத்தமாக, நீங்களா சார் அது என்று கேட்கிறாள். ஒருத்தராவது உஷ் சொல்லணுமே, ம்ஹூம், எல்லாரும் கைதட்டுறாங்க. நான் கட்டிக்காத்த அமைதி மாப்பிள்ளை, என் பேராலேயே போச்சு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அவமானமாக இருந்தது.

ஆகவே அடுத்த பதிப்பில் நான் தட்டிய சத்தத்தை ஒன்றுவிடாமல் நீக்க வேண்டும். பெயரையும்தான். கோபத்துல தட்டினதைப் போய் யாராவது வாசிப்புன்னு சொல்வாங்களா?

மகளுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசி. உங்கள் மூச்சு குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கீழ்வீட்டு மாமனார்

பின்குறிப்பு: எதையெல்லாம் நீக்குவது என்று குறித்துக்கொள்ள ஆறு தடவை கேட்டேன். ஐந்தாம் பாட்டில் ஒரு இடத்தில் கொஞ்சம் பிந்திவிட்டேன், கம்பைக் கைமாற்றிக்கொண்டிருந்தேன். அதை மட்டும் எடுங்கள், மற்றது இருக்கட்டும். அடுத்த பதிவு என்றைக்கு என்று மகளிடம் சொல்லியனுப்பவும். கம்பு நுனியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன், மெத்தென்று கேட்கும். "மாடிக்கே வாங்க மாமா" என்று கூப்பிடுவீர்கள், தெரியும். வரலாம்தான். மேலே வந்துவிட்டால் எதைத் தட்டுவது?