கழட்டுங்கோ அண்ணையும் என் மகளின் இடது கண்ணும்

வெள்ளவத்தையில் கல்யாணம் முடித்த எவருடைய ஆல்பத்தையும் புரட்டிப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முகம்கூட அகப்படாது. எங்கள் சனத்தின் பார்வை அவ்வளவு திறம் என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் ‘கழட்டுங்கோ’ அண்ணையின் வேலை.

காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் படப்பிடிப்பாளர் அவர். சொந்தப் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. கண்ணாடியில் லைட் பட்டு மின்னினால் அது அவருக்குத் தன்மானப் பிரச்சினை. மணமேடையில் ஏறியதும் கையை நீட்டி, “கழட்டுங்கோ” என்பார். வாங்கிய கண்ணாடிகளையெல்லாம் தன் சட்டைப் பைகளில் போட்டுக்கொள்வார். திருப்பிக் கொடுக்கும்போது மாறிப்போகும்; பந்தியில் பாதிப்பேர் அடுத்தவருடைய கண்ணாடியோடு சாப்பிடுவார்கள்.

ஒருமுறை ஐயரையே கழட்ட வைத்தார். ஐயர் ஓமகுண்டம் என்று நினைத்து நெய்யைப் பெண்ணின் மாமன் மடியில் வார்த்தார். என் கல்யாணத்துக்கும் அவர்தான் படம். கண்ணாடி பறிபோன என் கணவர் விழுந்து கும்பிட்டது என் அப்பாவின் காலில் அல்ல, மண்டப முகாமையாளரின் காலில். அந்த மனிதரும் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டார்.

“படத்தில வடிவா வந்திருக்கு, விடுங்கோ” என்றார் அண்ணை.

போன மாதம் என் மகளின் கல்யாணம்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தடித்த கண்ணாடி. “அவர் எப்பிடியும் கழட்டச் சொல்லுவார் அம்மா. பிறகு நான் ஆருக்கு மாலை போடுவனோ தெரியாது” என்று கொன்டக்ட் லென்ஸ் வாங்கினாள். கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் தொட வேண்டும், தண்ணீர் படக்கூடாது, படுக்கமுன் கழட்ட வேண்டும் என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினாள்.

கல்யாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மருதாணி போட்டார்கள். இரண்டு கையிலும், முழங்கை வரை. லென்ஸ் கண்ணுக்குள்ளே, ஈர மருதாணி விரலெல்லாம். “காஞ்சதும் கழட்டுறன்” என்றவள் கதிரையிலேயே நித்திரையாகிப் போனாள்.

காலையில் இடது கண் சிவந்திருந்தது. என் அக்கா நாவூறு, ஆரோ கண் வைச்சிட்டினம் என்றாள். மாப்பிள்ளையின் தாய், “பெத்த வீட்டை விட்டுப் போற கவலை” என்று தானும் கண்கலங்கினார். மேக்கப் செய்ய வந்த பெண் சிவப்பு தெரியாமல் மை தீட்டினாள். தாலி கட்டும்போது ஓமப் புகைமேல் பழி போட்டோம்.

குடும்பப் படத்துக்கு வரிசை மண்டப வாசல் வரை நின்றது. அண்ணை கமராவுக்குள் பார்த்தபடி, “பிள்ளை, இஞ்சால பாரும்” என்றார். பிறகு கமராவை இறக்கினார். கொட்டாஞ்சேனையில் மணமேடையே சரிந்தபோதும் இறக்காத கமரா அது.

“வெளிச்சம் கூசுதோ?”

“ஓம் மாமா. நோகுது. மங்கலாவும் இருக்கு.”

“லென்ஸோ? எப்ப போட்டனீர்?”

“நேற்றுக் காலமை.”

அவரே போய் லைட்டுகளை அணைத்தார்.

“சொட்டு மருந்து விட்டாச் சரியாப் போகும் அண்ணை, படம் முடியட்டும்” என்றாள் மேக்கப் பெண்.

“படம் நாளைக்கும் எடுக்கலாம் தங்கச்சி. கண் அப்பிடியில்லை.”

மகள் உடனே கண்ணுக்கு விரலைக் கொண்டுபோனாள். அவர் மறித்தார். “கையைக் கழுவும். சவுக்காரம் போட்டு. வடிவாத் துடைச்சுப்போட்டுக் கழட்டும்.” கழட்டிய லென்ஸை அலம்ப என் அக்கா தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தாள். “தண்ணி வேண்டாம் அக்கா. அதின்ர டப்பாவில போட்டுத் தாங்கோ, டொக்டர் பாக்கட்டும்.”

அவருடைய வான் வண்டியில், லைட் கம்பிகளுக்கு நடுவே, கூறைச் சேலையோடு மகள், மாலையோடு மாப்பிள்ளை, பக்கத்தில் நான். பொரளைச் சந்தியில் வாகனம் நகரவில்லை. அண்ணை தலையை வெளியே நீட்டி, வழிவிடச் சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினார். கல்யாண ஊர்வலம் என்று நினைத்த முச்சக்கரவண்டிக்காரர்கள் சந்தோசமாக ஹோர்ன் அடித்து வழிவிட்டார்கள்.

“உங்களுக்கு எப்பிடி அண்ணை இதெல்லாம் தெரியும்?” என்று கேட்டேன்.

“இந்த ஊர்ப் பொம்பிளையள் லென்ஸ் போடுறதே என்ர வாய்க்குப் பயந்துதானே. நான் கேட்டறிஞ்சு வைக்க வேண்டாமோ?”

கண்ணாஸ்பத்திரியில் மகளை உள்ளே கூட்டிப் போனார்கள். நாங்கள் மூவரும் வெளியே காத்திருந்தோம். மகளுடைய மாலையை நிலத்தில் படாமல் அண்ணை கையில் ஏந்திக்கொண்டே நின்றார்.

டொக்டர் வந்தார். கருவிழியில் கிருமி தொற்றிப் புண் வரத் தொடங்கியிருக்கிறதாம். பிந்தியிருந்தால் பார்வையே போயிருக்கலாமாம். “இப்ப பயமில்லை. மருந்தை ஒழுங்கா விட வேணும். நான் சொல்லும்வரைக்கும் லென்ஸ் வேண்டாம், கண்ணாடிதான்.”

“கண்ணாடியோடயே எடுப்பம்” என்றார் அண்ணை. “லைட்டைக் கொஞ்சம் உயர்த்திச் சரிச்சு வைச்சா மின்னாது.”

“அப்ப இவ்வளவு காலமும்?” என்றேன் நான்.

அவர் மாலையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கமராப் பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். தோள்கள் குலுங்கின. அவர் தேடி முடிக்கும்வரை நானும் மாப்பிள்ளையும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.