சிரியாநங்கை வைத்த பத்தியம்

ஒரு காட்டில், ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகும் சிரியாநங்கைச் செடி ஒன்று நிம்மதியாக வாழ்ந்துவந்தது. அத்தனை கசப்பு. பூச்சி புழு அண்டக் கூடாதென்று அது பாடுபட்டு இலையில் ஏற்றிவைத்த கசப்பு.

அந்த நிம்மதியைக் கெடுத்தவன் நரி தவிடன். அவனிடம் செல்போன் இருந்தது. ஒருநாள் காலையில் ஊளையிட்டுக்கொண்டே ஓடிவந்தான்.

“சிரியாநங்கை புற்றுநோயைத் தடுக்குமாம்! ஆராய்ச்சியில சொல்லிட்டாங்க!”

ஆராய்ச்சியில் சொன்னது வேறு. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள்மீது சாற்றை விட்டுப் பார்த்து, ‘தடுக்கக்கூடும், இன்னும் ஆராய வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். அந்தக் ‘கூடும்’ காடு வந்து சேரவில்லை. வழியிலேயே தவிடன் தின்றுவிட்டான்.

மத்தியானத்துக்குள் செடியைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். கரடி மொக்கராசு புகையிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மறு கன்னத்தில் இலையைத் திணித்தான். “ஆகா, என்னா கசப்பு! கண்டிப்பா வேலை செய்யும்!” தவிடன் பீடியை அணைக்காமலே மென்றான். முயல் செவந்தி இலையை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டாள். வாந்தி எடுத்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்கள்.

“ஐயா, இது மருந்தில்ல! யாரும் திங்கக் கூடாதுன்னு நான் வச்சிருக்கிற விஷம்!” என்று செடி கதறியது.

“எம்புட்டு அடக்கம் பாரு!” என்று உருகிய மொக்கராசு இன்னொரு கிளையை ஒடித்தான்.

சாயங்காலம் மிஞ்சியது ஒரே கொழுந்து. அதுவும் போனால் செடியின் கதை முடிந்தது. மொக்கராசின் கை அதை நோக்கி நீண்டபோதுதான், பாவம், பயத்தில் செடிக்கு மூளை வேலை செய்தது.

“தாராளமா எடுத்துக்குங்கண்ணே. பத்தியம் தெரியுமில்ல?”

கை பாதியில் நின்றது. “பத்தியமா?”

“புகையிலை, பீடி தொடக் கூடாது. எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. தினம் விடியக்காலையில மலையைச் சுத்தி நடக்கணும்.”

“எத்தனை நாளைக்கு?”

“ஆயுசுக்கும்.”

மொக்கராசு வாயிலிருந்த இலையைத் துப்பினான், புகையிலையை அல்ல. “இந்தப் பச்சிலையெல்லாம் சூடுப்பா. நம்ம உடம்புக்கு ஒத்துக்காது.”

“எங்க பெரியப்பா பத்தியம் இருந்தும் போய்ச் சேர்ந்தாரு” என்றாள் செவந்தி, கடைசி பஜ்ஜியை விழுங்கிக்கொண்டே.

“பக்கத்துக் காட்டுல மஞ்சள் இருக்காம்! பத்தியமே கெடையாதாம்!” என்று தவிடன் செல்போனைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது.

கொழுந்து பிழைத்தது. செடி பயத்தில் உளறிய பத்தியத்தைக் கேட்டிருந்தால் அவர்களும் பிழைத்திருப்பார்கள். யார் கேட்டார்கள்?

நீதி: உன்னை எவரும் தின்னக் கூடாதென்றால், விஷம் என்று உண்மையைச் சொல்லாதே, பத்தியம் சொல்.