ரிவிட்டு பாயும் மிராசுதார் டிராக்டரும்

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஓடிய வண்டிகளில் ரிவிட்டு பாய் சாவு அறிவிக்காத வண்டி ஒன்றுகூடக் கிடையாது. சைலன்சரில் சின்ன ஓட்டையோடு போனால் போதும். குனிந்து பார்ப்பார், நிமிர்வார், "அவ்வளவுதான் சார், முடிஞ்சுது" என்பார். ஒருமுறை மாப்பிள்ளை அழைப்புக் காருக்கும் இதையே சொன்னார். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார், "காரைத்தானே சொல்றீங்க?" என்று கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நான்கு தகரத் தடுப்பு, ஒரு பட்டறைக்கல், ஒரு சுத்தியல், அதுதான் கடை. வெல்டிங் வைத்தால் பழைய தகடு பொத்துக்கொள்ளும் என்பதால் சைலன்சரில் ஓட்டை விழுந்தவர்கள் அவரிடம்தான் வந்தாக வேண்டும். ஓட்டைமேல் இரும்புத் தகடு வைத்து ரிவிட் அடிப்பார். அடிப்பது ஐந்து நிமிடம். ரிவிட் தேர்ந்தெடுப்பதுதான் அரை நாள்.

அப்போது நான் ஒரு நாளிதழின் நிருபர். குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்த காலம். ஊருக்கு ஊர் வரப்புச் சண்டை. என் மோட்டார் சைக்கிளின் சைலன்சர் வாரம் ஒரு சண்டைக்குப் போய் வந்து ஓட்டையாகியிருந்தது.

பாய் சாக்கை விரித்து ரிவிட்டுகளைக் கொட்டினார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆறு ரிவிட்டுக்கு இவ்வளவு நேரமா பாய்?"

"உங்க பேப்பர்ல ஆறு எழுத்து தப்பா வந்தா யாரும் சாக மாட்டாங்க சார். இது நெருப்பு போற வழி. இரும்புக்கு இரும்புதான் அடிக்கணும். நீளம் குறைஞ்சா தலை நிக்காது. கூடுனா வளைஞ்சு படுத்துக்கும். என்ன பண்ணி என்ன, வண்டி முடிஞ்சுதுதான்."

சுவரில் ஓர் ஆணியில் பளபளவென்று ஒரு பொட்டலம் தொங்கியது. உள்ளே அலுமினிய ரிவிட்டுகள். விற்பனைக்கு வந்தவர் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். போலீஸ் ஸ்டேஷனில் திருடன் படத்தை மாட்டுவதுபோல அதை மாட்டியிருந்தார்.

"தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"கண்ணுல படணும் சார். வண்டி நிக்கும்போது சும்மா இருக்கும். இழுவையில சூடு ஏறுனா இளகிடும். உலகம் எங்க போகுதுன்னு தெரிய வேணாமா?"

என் வண்டிக்கு ஆறாவது ரிவிட்டை அடித்துக்கொண்டிருந்தபோது ஊரே அதிர ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஐந்து மைல் தள்ளியிருந்த ஒரு கிராமத்து மிராசுதாருடையது. இறங்கிய காரியஸ்தர் என்னை ஏதோ கூட்டுறவுக் கடை எழுத்தர் என்று நினைத்திருக்க வேண்டும். தாராளமாகப் பேசினார்.

"நாளைக்கு விடியறதுக்குள்ள நம்ம குத்தகைக்காரி செல்லம்மா வயல்ல உழவு ஓட்டிடணும் பாய். ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. ஒன்பது மணிக்கு வர்றாரு. யாரு உழுதிருக்காங்களோ அவங்க பேரைத்தான் எழுதப் போறாரு. சத்தம் மூச்சு வரப்படாது. ஊரு முழிச்சா காரியம் கெட்டுப்போயிடும்."

"செல்லம்மாவுக்கு யாரு இருக்கா?"

"யாரு இருக்கா? புருஷன் போய்ச் சேந்துட்டான். அந்த வயலும் போச்சுன்னா அவ பாட்டுக்கு நடவுக்குப் போயிட்டுப் போறா."

பாய் டிராக்டரின் சைலன்சரைத் தட்டிப் பார்த்தார். நான் தலையிடவில்லை. செய்தி சேகரிப்பவன் செய்தியை உண்டாக்கக் கூடாது என்று எங்கள் ஆசிரியர் கற்றுக்கொடுத்திருந்தார். வசதியான பாடம். டீ குடிக்கப் போய்விட்டேன்.

பத்து நிமிடத்தில் திரும்பினால், வேலை முடிந்திருந்தது. ரிவிட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அந்த நேரம் போதவே போதாது. டிராக்டர் பூனைபோல உறுமியது. அதைவிட அதிசயம், பாய் சொன்னது:

"நல்லா ஓடும். கொண்டு போங்க."

அவர் வாயில் நல்ல வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

மறுநாள் விடியலில் நான் அந்தக் கிராமத்து வாய்க்கால் மதகருகே நின்றிருந்தேன். டிராக்டர் சத்தமில்லாமல் தெருவைக் கடந்தது. வாய்க்கால் கரை ஏற்றத்தில் கலப்பையோடு ஏறும்போது சூடு தாங்காமல் தகடு பிய்த்துக்கொண்டு பறந்தது. பிறகு வந்த சத்தத்தில் மாடுகள் கயிற்றை அறுத்தன. ஊர் முழுவதும் எழுந்து வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் செல்லம்மா.

"ஏன்டா, திருட வர்றவன் மேளம் கொட்டிக்கிட்டா வருவே?" என்றாள் டிரைவரிடம். அவன் டிராக்டரை விட்டு இறங்கியே போய்விட்டான். ஒன்பது மணிக்கு ஆர்.ஐ. வந்தபோது வயலில் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய ஏர். அவள் பெயர் பதிவேட்டில் ஏறியது.

பாயின் பெயர் இறங்கியது. காரியஸ்தர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "ரிவிட்டு பாய் அலுமினியம் அடிக்கிறாரு." வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பாய் தாங்கியிருப்பார். கார்கள் வருவது நின்றது, லாரிகள் நின்றன. வேண்டுமென்றுதான் அடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி ஊர் தோளில் தூக்கியிருக்கும். மீதிப் பாதி கடையைக் கொளுத்தியிருக்கும். அவர் சொல்லவில்லை. ஓட்டை வாளிகளுக்கு அடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாளிகளுக்கும் "முடிஞ்சுது" என்றுதான் சொன்னார். குரலில் பழைய தெம்பு இல்லை.

ஒரு மாதம் கழித்துப் போனேன். இரண்டு டீ வந்தது.

"அந்த டிராக்டர் சமாச்சாரம் பேப்பர்ல போட்டீங்களா சார்?"

"போட்டேன். டிராக்டர் பழுதானதால் உழவு நின்றதுன்னு."

"எதனால பழுதுன்னு ஆபீஸ்ல கேக்கலையா?"

"கேட்டாங்க. தெரியாதுன்னுட்டேன்."

பாய் என்னை ஓட்டை விழுந்த சைலன்சரைப் பார்ப்பதுபோல மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களும் கெட்டுப் போயிட்டீங்க. அவ்வளவுதான் சார், முடிஞ்சுது."

சொல்லிவிட்டு, தன் டீயில் பாதியை என் கிளாசில் ஊற்றினார்.