ஜப்பான் அண்ணாச்சியின் இரைச்சல் கேசட்

சிவகாசியில் வேலை பார்த்துக் காது கெட்டவர்கள் ஏராளம். ஆசைப்பட்டுக் கெடுத்துக்கொண்டவர் ஜப்பான் அண்ணாச்சி ஒருவர்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் இருவரும் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் இருந்தோம். நான் பில் போடுவேன், அவர் ஆப்செட் மெசின் ஓட்டுவார். ஜப்பான் மெசினுக்கு ஸ்பேர் தேட பிரவுசிங் சென்டருக்குப் போனவர், ஸ்பேர் கிடைக்காமல் ஞானம் கிடைத்துத் திரும்பினார்.

"ஏலே, ஜப்பான்ல இரைச்சலையே பாட்டுன்னு கேசட்டு போட்டு விக்காக. வெறும் கர்ர்ருதான். அதையும் வாங்குதாகலே!"

"நம்ம மெசினு ஓசியிலயே கத்துதே அண்ணாச்சி?"

"அதான்லே! இந்த ஊருல அம்புட்டுப் பேரும் வித்வான்தான்!"

லாட்ஜில் அவருக்கு அடுத்த அறையில் குடியிருந்த பாவி நான். அப்படி ஒரு கேசட்டை வரவழைத்து அவர் அறையில் போட்ட முதல் கச்சேரி அன்று, தண்ணி மோட்டார் கெட்டுவிட்டதென்று மேனேஜர் எலக்ட்ரீசியனைக் கூட்டி வந்தார். எலக்ட்ரீசியன் மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும் சத்தம் நிற்கவில்லை.

அப்புறம் அண்ணாச்சியே வித்வான் ஆனார். கட்டிங் மெசின், கம்பெனி வேன், லோடு லாரி எல்லாவற்றையும் டேப்பில் பிடித்து, ஒசாகாவில் இரைச்சல் கேசட் வெளியிடும் ஒருவருக்கு அனுப்பினார். பதில் வருமுன்பே கேசட்டுக்கு அட்டையும் அடித்தாயிற்று. மீந்துபோன காலண்டர் முருகன் படத்தின் மேல் ஜப்பான் எழுத்து. ஊர் வழக்கம் அப்படி, சரக்கு வராவிட்டாலும் லேபிள் ரெடியாக இருக்கும்.

ஒருவழியாக மெயில் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். கேசட் போடுவாராம். ஆனால் பட்டாசு ஊராயிற்றே, ஆலை வெடிக்கிற சத்தம் ஒன்று சேர்ந்தால்தான் போடுவாராம்.

அது அண்ணாச்சியிடம் இருந்தது. ஏழாயிரம்பண்ணை ரோட்டில் லாரிச் சத்தம் பிடிக்கப் போன மத்தியானம், தூரத்தில் ஓர் ஆலை வெடித்தது தானாகவே டேப்பில் விழுந்திருந்தது.

"அதான் இருக்கே அண்ணாச்சி. அனுப்பிருவமா?"

அவர் முகம் விழுந்துபோனது. "அதுல நம்ம சனம் செத்துருக்குலே. அப்படி ஒண்ணு எங்கிட்ட இல்லைன்னு போடு."

"கேசட்டு வராதே அண்ணாச்சி. ஆசையா அட்டையெல்லாம் அடிச்சு வச்சிருக்கீக..."

"வராட்டி போகுது. போடுலே."

போட்டேன். ஒசாகாக்காரர் அதோடு சரி. அண்ணாச்சி ஒரு வாரம் டேப்பைத் தொடவில்லை. லாட்ஜே நிம்மதியாகத் தூங்கியது, நான் மட்டும் தூங்கவில்லை.

இன்றைக்கும் எங்காவது ஆலை வெடித்தால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவார்கள். நான் முதலில் அண்ணாச்சிக்குப் போடுவேன்.

"இருக்கேம்லே" என்பார்.

அவரிடமிருந்து நான் ஆசையாகக் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான்.