கண்காணிப்பாளர் செய்த சிக்கன் புரிட்டோ

புரட்சிக்குத் துப்பாக்கி தேவையில்லை, புரிட்டோ போதும் என்று உலகுக்கு மெய்ப்பித்த பெருமை பதிவு அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவரையே சேரும். 'வீட்டிலேயே எளிய சிக்கன் புரிட்டோ' என்ற மெக்சிகோ நாட்டுச் சமையல் வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டு, ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் தமது பிரகடனத்தை வெளியிட்டார்.

"இன்னிக்கு நீ படுத்து ரெஸ்ட் எடு. சமையல் என் பொறுப்பு."

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் தொடர்ந்து நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, ஒரே ஒரு நாள் லீவு வாங்கியிருந்த மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இதுதான் முதல் தடவை! போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

நான்கு நிமிடம் ஆனது.

"ஏம்மா, சிக்கன் எங்க?"

"ஃபிரிட்ஜ்லங்க."

"ஃபிரிட்ஜ்ல எங்க?"

எழுந்து வந்து எடுத்துக் கொடுத்தாள். 'வந்ததுதான் வந்தே' என்ற விதியின்கீழ் அதைக் கழுவி, எலும்பு நீக்கி, நறுக்கியும் கொடுத்தாள். வெங்காயம் கண்காணிப்பாளரின் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது. சீஸ் துருவினால் விரலுக்கு ஆபத்து. ரொட்டிக்கு மாவு பிசைவதோ, மேற்பார்வையிட வேண்டிய பணி. கைவைக்க வேண்டிய பணி அல்ல. ஆகவே அனைத்தும் மனைவிக்கு 'மேல்நடவடிக்கைக்காக' அனுப்பப்பட்டன.

"அடுப்பைக் குறைம்மா, தீயுது பாரு!" என்று பொறுப்போடு அதட்டினார்.

கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்த மகள் பொறுமையிழந்தாள். "அப்பா, வீடியோவுக்காக ஒரு தடவையாவது கிண்டுங்கப்பா!"

கிண்டினார். இரண்டு சுற்று. சட்டையில் தெறித்ததும் பணி இனிதே நிறைவுற்றது.

ரொட்டிக்குள் சோறு, பீன்ஸ், சிக்கன், சீஸ் எல்லாம் வைத்துச் சுருட்டுவதுதான் உச்சகட்டம். அவர் சுருட்டியது இரண்டு பக்கமும் வாயைப் பிளந்து, வயிற்றிலிருந்ததையெல்லாம் தரையில் கொட்டியது. மனைவி தரையைத் துடைத்துவிட்டு, மிச்சம் எட்டையும் தானே சுருட்டினாள்.

கண்காணிப்பாளர் நான்கு சாப்பிட்டார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

"சமையல்னா என்னமோ மலையைப் புரட்டற மாதிரி அலுத்துக்குவே. பாத்தியா, எவ்வளவு ஈஸி!"

மணி மூன்று. மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்து அவருக்கு மனம் இளகிவிட்டது.

"அடுத்த ஞாயிறும் நீ ரெஸ்ட் எடு. நானே சமைக்கறேன்."

அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"அடுத்த ஞாயிறு முடியாதுங்க. எனக்கு ட்யூட்டி. நீங்க சமைக்கறதுக்கு வீட்ல ஆள் இருக்காது."