ஓ.டி. அண்ணாத்தே வீட்டில் இல்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் யார் லீவு போட்டாலும் அந்த வேலையை ஒரே ஆள்தான் செய்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர் வீட்டு மாடிக்குக் குடிவரும் வரை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

கள்ளிக்குப்பத்தில் கீழே அவர் குடும்பம், மேலே நான். கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடிக்கும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மெஷின் ஓட்டினார். அங்கே ஓவர்டைமை ஓ.டி. என்பார்கள். அவரையும் அப்படியே கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி.

கேட்டவனிடம் முடியாது என்று சொல்ல ஓ.டி.க்கு வராது. இதை முதலில் கண்டுபிடித்தவன் அதே பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த செல்வம். பெரியப்பா செத்துவிட்டார் என்று வந்து நிற்பான். ஓ.டி. தன் ஷிப்டை முடித்த கையோடு அவன் ஷிப்டையும் பார்ப்பார். ஆறேழு மாதம் போனதும் அதே பெரியப்பா மறுபடி சாவார்.

அவர் மனைவி சாந்தியக்கா ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"அந்த செல்வத்துக்கு ஒரு பெரியப்பா எத்தினி தபா சாவாரு?"

"பெரிய குடும்பம் சாந்தி. பாவம், எப்பவும் எதுனா ஒரு சாவு இருந்துகினே கீது."

கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே செல்வத்துக்காக வருத்தப்பட்டார்.

அவருக்கு இரண்டு பெண்கள். கேன்டீனில் கொடுக்கும் போண்டாவை அவர் தின்று யாரும் பார்த்ததில்லை. டிபன் பாக்ஸில் அது வீட்டுக்கு வந்துவிடும். பெரியவள் படித்து வேலைக்குப் போய், ஆபீஸ் கேன்டீனில் விதவிதமாகத் தின்ன ஆரம்பித்த பிறகும் அந்த ஆறிப்போன போண்டா வருவது நிற்கவில்லை. அவளும் மறுக்காமல் தின்றாள்.

ஆனால் வீட்டுக்கென்று அவர் வாங்கிய சாமானில் பாதி வீட்டில் தங்காது. சாந்தியக்கா ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போய்த் திரும்பினால் கட்டிலைக் காணோம். எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் நிறைமாதம், தரையில் படுக்கிறாள் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"அடுத்த தபா என்னையும் தூக்கினு போய் யார்னா கையில குட்த்துடுவியா?"

ஓ.டி. கொஞ்ச நேரம் யோசித்தார். "உன்ன யாரும் கேக்கலையே."

அன்று அவருக்குச் சோறு கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது. எதிர் வீட்டுக்காரர்கள் காலி செய்தபோது கட்டிலும் அவர்களோடு போனது. போகும்போது அதை அவர்கள் வீட்டு மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தவரும் ஓ.டி.தான்.

பெரியவளின் கல்யாண வரவேற்பு திருவேற்காட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வந்துவிட்டார், நாயனம் வாசிக்கிறார்கள், பெண்ணின் அப்பாவைக் காணவில்லை. செல்வம் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவையாகப் பாயசம் வாங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் போய் விசாரித்தேன்.

"என் ஷிப்ட்ல கீறாரு சார். கல்யாணத்துக்கு வரணும்னு எனக்கு ரொம்ப ஆசை. லீவு தரமாட்டேன்னுட்டான். அண்ணாத்தேதான், நீ போய்க்கினே இரு, நான் பாத்துக்கறேன்னாரு."

போட்டோக்காரர் விளக்கைக் கழற்றும்போது ஓ.டி. வந்து சேர்ந்தார். பட்டுச் சட்டையில் மெஷின் ஆயில் வாடை. மகள் மேடையிலேயே அழுதுவிட்டாள். "இது என் கல்யாணம்பா. உனுக்கு செல்வம்தான் முக்கியமா?" அவர் கர்சீப்பை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தார். அதிலிருந்த கறை அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. ஆல்பத்தில் அது இன்றும் இருக்கிறது.

ரிட்டயரான பிறகு கான்ட்ராக்டில் கூப்பிட்டார்கள். சின்னவள் நர்சிங் படித்துக்கொண்டிருந்ததால் போனார். மெஷின் அதே மெஷின். கேன்டீனில் மட்டும் கான்ட்ராக்ட் ஆட்களுக்குத் தனி வரிசை. அவரிடம் தொழில் கற்றவர்கள் பக்கத்து வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய ஷிப்டுகளையும் அவரே பார்த்தார்.

போன மாதம் ஒரு காலை, செல்வத்தின் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைச் சாந்தியக்காதான் கழற்ற வேண்டியிருந்தது. டாக்டர் வந்து நாடி பார்த்தது வெறும் சம்பிரதாயம்.

செல்வத்துக்கு நான்தான் போன் செய்தேன்.

"நம்பவே முடியல சார். ஆனா உடனே வர முடியாது சார். டூட்டி மாத்திக்க ஆளு இல்ல. எப்பவும் ஓ.டி. அண்ணாத்தேதான்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டான். உன் பெரியப்பா செத்துவிட்டார் என்று சொல்லிப் பாரேன் என்று எனக்கு வாய் வரை வந்தது. போனை வைத்துவிட்டேன்.

பிரஸ் ஷாப்பிலிருந்து யாரும் வரவில்லை. எல்லோர் சார்பிலும் ஒரு மாலை வந்தது. டெலிவரி ஆள் வண்டியை நிறுத்தாமலே கொடுத்துவிட்டுப் போனார். பந்தல்காரர் வரிசையாகக் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். அயப்பாக்கத்தில் ஒரு காதுகுத்து, பாதியை எடுத்துக்கொள்ளலாமா என்றார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஓ.டி.யைக் கேட்டிருந்தால் முழுவதையும் கொடுத்திருப்பார்.

மத்தியானம் அமரர் ஊர்தி வந்தது. டிரைவருக்கு அவசரம். "சீக்கிரம் எடுங்க சார், பூந்தமல்லில இன்னொண்ணு வெயிட்டிங்ல கீது."

சாந்தியக்கா ஐஸ் பெட்டியின் மேல் கை வைத்தார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் நைனா. இப்பத்தான் ஊட்ல கீறாரு."

டிரைவரையும் சங்கு ஊத வந்தவரையும் தெருமுனை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆளுக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சாப்பிடுங்கள் என்றேன்.